திரை கறுத்த விஜயதசமி

ஊரே விஜயதசமிக்குப் பொரிகடலை தின்றுகொண்டிருக்க, நான் மட்டும் கறுத்துப்போன மானிட்டர் முன்னால் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பதினோரு மணிக்கு டெமோ. வெளிநாட்டுக் கிளையண்டுக்கு விஜயதசமி தெரியுமா, தீபாவளி தெரியுமா?

அதுவும் லேசுப்பட்ட டெமோ இல்லை. கல்யாணமாகித் திருமயம் பக்கத்துக் கிராமத்துக்கு வந்ததிலிருந்து என் மேனேஜர், "அங்க கரண்ட் இருக்குமா, நெட் இருக்குமா? சென்னைக்கே வந்துடுங்க வைஷ்ணவி" என்று ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறார். இந்த டெமோ ஒழுங்காக நடந்தால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம், சொதப்பினால் அடுத்த மாதமே சென்னை என்று முடிவாகச் சொல்லிவிட்டார். என் கணவர் ராம்நாத் திருமயத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். கடையைத் தலையில் தூக்கிக்கொண்டு என் பின்னால் வர முடியாது. சண்டை போடக்கூட ஆளில்லாத ஹாஸ்டல் அறைக்குத் திரும்ப எனக்கு மனசே இல்லை.

நேற்று ஆயுத பூஜை. லினக்ஸுக்கு ஒரு அப்டேட்டைப் போட்டு, கம்ப்யூட்டரை அணைத்து, பூஜைக்கு விட்டுவிட்டு நான் சுண்டல் தாளிக்கப் போய்விட்டேன். இன்று காலை போட்டால் ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, மானிட்டரில் மட்டும் 'நோ சிக்னல்'. கேபிளை இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தேன். உடும்புப் பிடியாக இருந்தது. சரி, அப்டேட்தான் வேலையைக் காட்டிவிட்டது என்று முடிவுகட்டினேன்.

லினக்ஸில் திரைக்குப் படம் அனுப்புகிற எக்ஸ் சர்வரிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. தான் செய்ததையெல்லாம் லாக் கோப்பில் எழுதி வைத்துவிடும். போனிலிருந்து வைஃபை வழியாகக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தேன். எல்லா லாக்கும் கிடக்கும் /var/log ஃபோல்டரில் Xorg.0.log என்ற கோப்பைத் திறந்தேன். கடைசியில், திரையை இயக்குகிற மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவர் கிடைக்கவில்லை என்று ஒரே புலம்பல். அகப்பட்டான் திருடன்! டிரைவரைக் கழற்றிவிட்டு மறுபடி போடலாம் என்று நான் முந்தானையை இழுத்துச் செருகிய நேரத்தில் ஜெனிபர் கூப்பிட்டாள். ஆவூர்க்காரி, சென்னையில் என் டீமில் இருப்பவள்.

"டிரைவரைக் கழட்டப் போறேன்டி."

"இரு, இரு. மொதல்ல லாக்குல தேதியைப் பாரு."

பார்த்தேன். போன வருடத்துத் தேதி. அப்போதே நான் சரிசெய்து முடித்த கோளாறு. போன வருடத்துக் காய்ச்சலுக்கு இன்றைக்கு ஊசி போட இருந்திருக்கிறேன்.

"அது பழசுடி. இப்ப எக்ஸ் சர்வர் ஒன் பேர்லதான ஓடுது? லாக்கை ஒன் ஹோம் ஃபோல்டருக்குள்ளதான் எழுதும். .local, அதுக்குள்ள share, அதுக்குள்ள xorg. போய்ப் பாரு."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். என் ஃபோல்டருக்குள்ளேயே இன்றைய தேதியோடு இன்னொரு Xorg.0.log இருந்தது. டிரைவருக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மானிட்டர் கேபிளே இணைக்கப்படவில்லை என்று ஒரு வரி சொன்னது.

"பொய் சொல்லுதுடி. கேபிள் இறுக்கமா இருக்கு."

"லாக்குக்குப் பொய் சொல்லி என்ன ஆகப்போகுது? உருவிப் பாரு."

இழுத்தேன். அசையவில்லை. மூச்சைப் பிடித்து இழுத்ததும் கையோடு வந்தது. கேபிளின் வாய்க்குள் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம்.

"என்னங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் ராம்நாத் வாய் நிறையப் பொரியோடு ஓடிவந்தார். கேபிளை அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

"எல்லாத்துக்கும் நெத்தியிலதான பொட்டு வைப்போம்?" என்றார். "வயருக்கு முன்னாடிதான நெத்தி இருக்கு."

"மூளை இருக்கா ஒங்களுக்கு? இன்னைக்கு இது ஓடலைன்னா நான் சென்னைக்குப் போகணும், தெரியும்ல?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "தெரியும். அதனாலதான் வச்சேன். எந்த வயரு ஒன் வேலைக்கு முக்கியம்னு தெரியலை வைஷு. ஒண்ணு விடாம எல்லாத்தையும் உருவி, பொட்டு வச்சுச் செருகினேன். இது நல்லா இருந்தாத்தான நீ இங்கிட்டு இருப்ப."

இந்த மனுஷனைப் போயா திட்டினேன் என்று ஆகிவிட்டது. நான் ஏதாவது சொல்வதற்குள் வாசலில் பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.

கம்ப்யூட்டரை அணைத்து, ஊசியாலும் பழைய டூத் பிரஷ்ஷாலும் சந்தனத்தைச் சுரண்டி, பஞ்சால் துடைத்துச் செருகினேன். திரை பளிச்சென்று வந்தது. டெமோவும் நன்றாகவே நடந்தது. நடுவில் ஒரு தடவை லைன் அறுந்தது, அதுவும் சென்னையில் இருந்த மேனேஜருக்கு. திரும்பி வந்தவர் அசடு வழியச் சிரித்து, "நீங்க அங்கயே இருங்க வைஷ்ணவி" என்றார்.

ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பினால் கதவோரம் ராம்நாத். சட்டையெல்லாம் வியர்வை. கையில் பிரிக்காத புதுக் கேபிள். எப்போது வந்து நின்றாரோ, மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை.

"இதுக்கு நான் பொட்டு வைக்கலை," என்றார்.

பூஜைத் தட்டிலிருந்து சந்தனத்தைத் தொட்டு, அந்தக் கேபிளின் அட்டைப்பெட்டி மேல் வைத்தேன்.

"இந்த மாதிரி வெளியில வைக்கணும். அடுத்த வருசம் பூஜைக்கு நானே பக்கத்துல நின்னு காட்டித் தாரேன்."