சந்து முனை வரைக்கும்

மாநாட்டு மண்டபத்தில் ஒலிபெருக்கி கட்டும் வேலை மைக்காரருக்குத்தான் வந்தது. சர்வமத நல்லிணக்க உரையாடல். மேடையில் ஐந்து மதத்துப் பெரியவர்கள் உட்காருவார்கள், ஐந்து மைக் வேண்டும் என்றார் அமைப்பாளர் டீச்சர். பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஊர்ச் சண்டையை எல்லாம் தன் வகுப்புச் சண்டை போல நினைத்துக்கொண்டு அலைகிற மனுஷி. அழைப்பிதழை வாங்கிப் படித்த மைக்காரர் நான்காவது பெயரில் நின்றுவிட்டார். போதகர். அவருக்கு அன்று நல்லிணக்கத் தூதர் என்ற பட்டம் வேறு.

"உங்க தங்கச்சியும் வர்றா. மேடையேறி அவர் கையில பூ குடுக்கச் சம்மதிச்சிருக்கா" என்றார் டீச்சர்.

மைக்காரர் அழைப்பிதழை மடித்துப் பையில் வைத்தார். தங்கை கட்டியது வேறு மதத்துக்காரரை. கடிகாரம் பழுது பார்ப்பவர். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் போதகர் மைதானத்தில் பேசி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் அந்த மதத்துக்காரர்கள் குடியிருந்த சந்து எரிந்தது. மச்சான் கடைக்குள்ளேயே கரிந்து போனார். போதகர் அப்படி எதுவும் பேசவே இல்லை என்று ஆயிரம் பேர் சொன்னார்கள். வழக்கு பிசுபிசுத்துப் போனது.

அந்த மைதானத்துக்கு மைக் கட்டியது மைக்காரர்தான். பேச்சு முழுவதும் பதிவாகியிருந்தது. போலீஸ் கேட்டபோது அன்றைக்குப் பதிவே செய்யவில்லை என்று சொல்லிவிட்டார். தங்கையிடம், மைக் கட்ட ஆளை அனுப்பிவிட்டுத் தான் அன்று வெளியூரில் இருந்ததாகச் சொன்னார். அவளும் நம்பினாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவருக்குச் சோறு போட்டாள்.

வீட்டுக்குப் போய்த் தகர டப்பாவில் இருந்து மெமரி கார்டை எடுத்தார். கேட்டார். போதகரின் குரலுக்கு நடுவே ஓரிடத்தில் அவருடைய குரலும் இருந்தது. அதை மட்டும் வெட்டிவிடலாம், கால் மணி நேர வேலை. ஆனால் வெட்டிய பதிவை எவன் நம்புவான்? ஒட்டு வேலை என்று அந்த ஆளே சிரித்துவிட்டுப் போவான். அவன் சிரிப்பதை நினைத்தபோது மைக்காரருக்குப் பல் நறநறத்தது. நான் நாசமாய்ப் போனாலும் சரி, அவன் தப்பக் கூடாது என்று கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மாநாட்டன்று தங்கை முதல் வரிசையில் இருந்தாள். மடியில் பூச்செண்டு. மைக்காரர் மண்டபத்தின் பின்னால் ஒலி மிக்ஸருக்கு முன் உட்கார்ந்திருந்தார். மூன்று பெரியவர்கள் அன்பைப் பற்றிப் பேசினார்கள். கூட்டம் மரியாதையாகக் கொட்டாவி விட்டது. பிறகு போதகர் எழுந்தார். முடி நரைத்து முகம் கனிந்திருந்தது.

"என் நாக்கால ஒரு எறும்புக்குக்கூடக் கெடுதல் வந்ததில்ல" என்றார்.

மைக்காரர் அவருடைய மைக்கை அணைத்தார். பதிவை ஓட விட்டார்.

மண்டபம் அதிர அதே குரல் ஒன்பது வயது குறைந்து கேட்டது. "மைக்கக் கொஞ்சம் கூட்டுப்பா. அவனுங்களுக்கும் கேக்கட்டும்." உடனே இன்னொரு குரல், பணிவாக: "கூட்டிட்டேன் அய்யா, சந்து முனை வரைக்கும் கேக்கும்." அப்புறம் மறுபடி போதகர்: "நாளைக்குக் காலைல அந்தச் சந்துல ஒரு கதவும் திறக்கக் கூடாது. புரியுதா?" ஆயிரம் பேர் புரியுது என்று கத்தினார்கள்.

போதகரின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பக்கத்தில் இருந்தவரின் மைக்கைப் பிடுங்கினார். "பொய்! யாரோ ஒட்டி வெச்சிருக்கான்!"

மைக்காரர் தன் மைக்கை எடுத்தார். "ஒட்டல. பதிவு பண்ணது நான். அந்த ரெண்டாவது குரலும் என்னோடதுதான்."

நாற்காலிகள் சரிந்தன. போதகரின் ஆட்கள் பின்பக்கம் பாய்ந்தார்கள். அதற்குள் மச்சானின் மதத்துப் பெரியவர் மேடையை விட்டு இறங்கி நடைபாதையின் குறுக்கே நின்றுகொண்டார். மற்ற மூவரும் அவர் பக்கத்தில் வந்து நின்றார்கள். நான்கு கிழவர்களைத் தள்ளிவிட்டுப் போக யாருக்கும் துணிச்சல் வரவில்லை. "யாரும் வெளிய போகாதீங்க" என்று டீச்சர் கத்தினார். "இத்தனை வருஷமா நாம பேசினதெல்லாம் சும்மா. பேச வேண்டியது இப்பதான் வந்திருக்கு."

தங்கை அவர்களைத் தாண்டி மைக்காரரிடம் வந்தாள். பூச்செண்டு நாற்காலியிலேயே கிடந்தது.

"வெளியூர்ல இருந்தேன்னு சொன்ன."

"ஆமாம்மா."

"ஒன்பது வருஷம் என் கையால சாப்பிட்ட."

அவர் தலை குனிந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அவன் கண்ணப் பாத்து ஒரு கேள்வி கேக்கத்தான் பூவோட வந்தேன். இனி அதக் கோர்ட்டுல கேட்டுக்கறேன். கார்டக் குடு."

கொடுத்தார்.

"நீயும் வந்து சாட்சி சொல்லணும். சொல்லிட்டு என் வீட்டு வாசப்படி மிதிக்காத."

டீச்சரும் அந்த நான்கு பெரியவர்களும் அவளோடு காவல் நிலையத்துக்கு நடந்தே போனார்கள். வழக்கு மறுபடி திறந்தது. மழைக்காலம் முடிவதற்குள் போதகரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். மைக்காரரை அதன் பிறகு எந்த மதத்துக்காரரும் விசேஷத்துக்கு அழைக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஊரே ஒற்றுமையாகிவிட்டது.

சாட்சிக் கூண்டில் போதகரின் வக்கீல் அவரைக் குடைந்தார். "ஒன்பது வருஷம் ஏன் வாயத் திறக்கல?"

"பயம்."

"இப்ப மட்டும் பயம் போயிடுச்சா?"

"போகல. ஆத்திரம் அதவிடப் பெருசாயிடுச்சு."

மூன்றாவது வரிசையில் தங்கை உட்கார்ந்திருந்தாள். அவள் அவரைப் பார்க்கவில்லை; போதகரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மைக்காரரும் அந்தப் பக்கம் திரும்பினார். போதகர் வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க மைக்காரருக்கு இனித்தது. வக்கீல் அடுத்த கேள்வியை இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.