தலையில் இருந்த பல்லி

1

இந்தக் கதை என்னுடையதல்ல. எங்கள் கல்லூரியில் விலங்கியல் நடத்தும் லின்சி, ஸ்டாஃப் ரூமில் டிபன் பாக்ஸைத் திறக்காமல் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னது. நான் தமிழ் நடத்துகிறேன். அவ்வப்போது கதையும் எழுதுகிறேன். "ஞாயித்துக்கிழமை என்கூட ஸ்ரீரங்கம் வாங்கக்கா. உங்களுக்குப் பேசத் தெரியும்" என்றாள். அங்கே போய் என்ன பேசுவது என்று பார்க்கத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

தொடக்கம்: காவிரிப் பாலத்தில் ஆட்டோ ஏறியபோது கோபுரம் காலை வெயிலில் பொன்னாக —

வேண்டாம். கோபுரத்தைக் காட்டினால் வாசகருக்குக் கைகூப்பத் தோன்றும். இந்தக் கதையில் கைகூப்ப ஒன்றுமில்லை.

நேராகவே சொல்கிறேன். லின்சியின் கணவன் வளவன், மாசி மாதம் பைபாஸில் லாரி மோதிச் செத்துப்போனான். அவர்களுடைய நான்கு வயது மகள் இனியாவை, காரியம் முடிந்த கையோடு மாமியார் ஆனந்தவள்ளி ஸ்ரீரங்கத்து வீட்டில் நிறுத்திக்கொண்டாள். இன்னும் அனுப்பவில்லை. காரணம் கேட்டால் ஒரு பல்லியைச் சொல்கிறாள்.

3

தில்லை நகர் ஃப்ளாட்டில் லின்சி வளர்க்கும் பல்லி அது. மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளி, கண்ணாடித் தொட்டி, சாப்பிட உயிருள்ள பூச்சி. சிறுத்தைப் பல்லி என்கிறாள். வீட்டுப் பல்லிக்கு இமை கிடையாது, நாக்கால்தான் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். இதற்கு இமை உண்டு. கண்ணை மூடித் தூங்கும். முதலில் முகம் சுளித்த வளவன், அது தூங்குவதைப் பார்த்த அன்றே அதன் கட்சிக்குப் போய்விட்டானாம். கொழுப்பையெல்லாம் வாலில் சேர்த்து வைத்து, பட்டினி வந்தால் அதை எடுத்துச் செலவழிக்கும். (இந்த வரியை எடுத்துவிடலாம். ஆனால் மாமியார் வீட்டில் நல்ல பெயர் எதையும் சேர்த்து வைக்காத லின்சியைப் பற்றி வேறெப்படிச் சொல்வேன்?)

"விரலுக்கு அடியில ஒட்டுற பட்டை கிடையாதுக்கா. வெறும் நகம்தான். சுவர்ல ஏறாது."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏனென்றால் ஆனந்தவள்ளியின் குற்றச்சாட்டு இதுதான்: சாகிற அன்று காலை பல்லி வளவன் தலையில் விழுந்தது. தலையில் விழுந்தால் சாவு.* லின்சி அதைத் தன்னிடம் சொல்லாமல் மறைத்துவிட்டாள். சொல்லியிருந்தால் குளித்து, கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வண்டியை எடுத்திருப்பான்.

ஏறாத பல்லி எங்கிருந்து விழும்? கேஸ் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு நல்ல பிரசங்கமே எழுதி வைத்தேன்.

* பல்லி விழும் பலன் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. கத்தோலிக்க வீட்டுப் பெண்ணான லின்சிக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. இந்தக் கதையே அதனால்தான்.

4

பிரசங்கத்தைப் படித்துக் காட்டினேன். லின்சி போனை எடுத்து ஒரு போட்டோவைக் காட்டினாள். அன்று காலை எடுத்தது. வளவன் காபி டம்ளரோடு சிரிக்கிறான். அவன் தலைமுடியில் பல்லி கண்ணை மூடிப் படுத்திருக்கிறது.

"விழலக்கா. அவருதான் எடுத்து வெச்சுக்குவாரு. தினமும். அதுக்குச் சொந்தமாச் சூடு கிடையாது, வெளியிலேருந்துதான் வாங்கணும். என் தலையில வாங்கிக்கட்டும்பாரு."

"இது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் சொன்னேன். அவரைக் கிடத்தியிருந்தப்ப, காலையில எப்படி இருந்தான்னு அத்தை கேட்டாங்க. சந்தோஷமா இருந்தாரு அத்தை, பல்லி தலையில இருந்துச்சு, சிரிச்சுக்கிட்டே இருந்தாருன்னேன்."

ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னாளாம். என் பிரசங்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

5

போன வாரம் ஆனந்தவள்ளி போனில் விலை சொல்லிவிட்டாள். "சொந்தக்காரங்க முன்னாடி ஒத்துக்க. விழுந்துச்சு, மறைச்சுட்டேன்னு சொல்லு. புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போ." வக்கீலைக் கேட்டால், ஜெயிக்கலாம், நாளாகும் என்கிறார். அதற்குள் இனியாவுக்குத் தாய் முகம் மறந்துவிடும்.

ஆனந்தவள்ளியை ராட்சசியாக எழுத மூன்று முறை முயன்றேன். சரிவரவில்லை. பிரேக் பிடிக்காத ஒரு லாரியால் மகன் செத்தான் என்பதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? திட்டுவதற்குக்கூட அங்கே ஆள் இல்லை. மருமகள் இருக்கிறாள். இது புரிகிறது, புரிந்தும் எனக்கு அவள்மேல் ஆத்திரம் அடங்கவில்லை.

பல்லி வாலைக் கழற்றிப் போட்டுத் தப்பிக்குமே, அதுபோலப் பழியை ஒத்துக்கொண்டு பிள்ளையோடு வந்துவிடு என்றேன். எழுத்தாளர்களுக்கு இப்படி ஒன்று எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்துவிடும்.

"வால் முளைக்கும்க்கா. உள்ள எலும்பு இருக்காது" என்றாள் லின்சி.

6

முடிவு ஒன்று: லின்சி போட்டோவைக் காட்டுகிறாள். கூடத்தில் போன் கைமாறுகிறது. யாரும் வளவனின் சிரிப்பைப் பார்ப்பதில்லை. தலையில் பல்லி இருக்கிறதே, போதாதா?

முடிவு இரண்டு: ஒத்துக்கொள்கிறாள். பிள்ளை கிடைத்துவிடுகிறது. அப்பா ஏன் செத்தார் என்பதும் பிள்ளைக்குக் கிடைத்துவிடுகி — வேண்டாம்.

முடிவு மூன்று: அந்தக் கூடத்தில் ட்யூப்லைட்டுக்குப் பின்னால் ஒரு வீட்டுப் பல்லி உண்டு. யாராவது பேசும்போது அது கத்தினால், பேசியது சத்தியம் என்று தரையைத் தட்டுவார்கள். "விழல அத்தை" என்று லின்சி சொல்லி முடித்ததும் அதைக் கத்தவைக்க எனக்கு ஒரு வரி போதும். எல்லாரும் தட்டுவார்கள். இனியா வீட்டுக்கு வருவாள். ஆனால் ஒரு தாயின் பேச்சுக்கு இல்லாத மதிப்பைப் பல்லியிடம் கடன் வாங்க எனக்குக் கை கூசுகிறது.

நாளை ஞாயிறு. என் தாளில் இப்போதே கூடம் நிறைந்திருக்கிறது. ஆனந்தவள்ளி கேட்கிறாள்: "விழுந்துச்சா, இல்லையா?"

இனி நீங்கள் எழுதுங்கள். பல்லியைக் கத்தவைப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம். லின்சியின் வாயைத் திறப்பதற்கு முன்னால் மட்டும் கதவோரம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இனியா அங்கே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.