மெர்சியின் சாட்சி

திலகவதியின் வலது கை பிரஸ் மெஷினில் மாட்டியபோது மெர்சி பக்கத்து மெஷினில் நின்றிருந்தாள். அலறல் கேட்டு முதலில் ஓடியவள் அவள்தான். தன் துப்பட்டாவை அந்தக் கையில் சுற்றிவிட்டு ஆம்புலன்ஸில் கூடவே போனவளும் அவள்தான். கட்டைவிரல் மட்டும் தப்பியது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் கார்களுக்குத் தகடு அழுத்திக் கொடுக்கும் கம்பெனி அது. கை உள்ளே போனால் மெஷின் தானாக நின்றுவிட ஒரு சென்சார் உண்டு. அதனால் வேலை தடைபடுகிறது என்று மேனேஜர் சரவணகுமார்தான் அதை ஆஃப் செய்யச் சொன்னார். அவர் சொன்னதை மெர்சி தன் காதால் கேட்டிருந்தாள்.

அரசாங்க அதிகாரி விசாரணைக்கு வருவதற்கு முன்னால் சரவணகுமார் அவளைத் தன் ரூமுக்குக் கூப்பிட்டார்.

"மெர்சி, நீ சர்ச்சுக்குப் போற பொண்ணு. உன் பேச்சை நம்புவாங்க. அந்தப் பொண்ணே சென்சாரை ஆஃப் பண்ணிச்சுன்னு சொல்லிடு."

"அது பண்ணல சார். நீங்கதான் பண்ணச் சொன்னீங்க."

"யோசிச்சுப் பேசு. உன் ஊட்டுக்காரனும் இங்கதான லோடிங்ல கீறான்?"

வீட்டில் அவள் கணவன் சாலமோன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தான். "இன்னாத்துக்கு நமக்கு இந்தப் பேஜாரு? பாக்கலன்னு சொல்லிட்டுப் போ."

மெர்சி பாஸ்டரிடம் போனாள். அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர்.

"நம்ம சபையில பாதி ஜனம் அந்தக் கம்பெனியிலதான் வேலை செய்யுது சகோதரி. சில நேரத்துல பேசாம இருக்குறதும் ஞானம்தான்."

"பொய்ச்சாட்சி சொல்லக் கூடாதுன்னு ஞாயித்துக்கிழமை பசங்களுக்கு நான்தான, பாஸ்டர், சொல்லிக்கினு இருக்கேன்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜெபம் செய்து அனுப்பிவைத்தார்.

அதிகாரியிடம் மெர்சி பார்த்ததைப் பார்த்தபடியே சொன்னாள். மறுவாரம் கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் அவளையும் சாலமோனையும் உள்ளே விடவில்லை. வேறு கம்பெனிகளுக்குப் போனார்கள். அவள் பெயர் அவளுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. சாலமோன் எளாவூரில் லாரிகளுக்கு மூட்டை ஏற்றப் போனான். செக்போஸ்ட் பக்கத்து ஹோட்டலில் மெர்சி பாத்திரம் கழுவினாள். அவன் அவளைத் திட்டவில்லை, ஆனால் பேசுவதைக் குறைத்துக்கொண்டான்.

இதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். திலகவதிக்காகத்தானே என்று இருந்தது.

ஒருநாள் மத்தியானம் திலகவதியே ஹோட்டலின் பின்கட்டுக்கு வந்தாள். வலது கையை முந்தானைக்குள் மறைத்திருந்தாள்.

"அக்கா, கம்பெனில பேசிட்டாங்க. எங்க ஊட்டுக்காரருக்கு பெர்மனென்ட் வேலை தர்றாங்களாம். நானே சென்சாரை ஆஃப் பண்ணேன்னு சொல்லிட்டேன். நீயும் ஆபீசராண்ட போய், தெரியாம சொல்லிட்டேன்னு சொல்லிடுக்கா."

"நீ பண்ணலியே திலகா."

"பண்ணலதான். அதுக்கு இன்னா இப்போ? போன வெரலு மொளைக்கப் போவுதா?"

"நாளைக்கு அந்த மெஷின்ல வேற ஒரு பொண்ணு நிக்குமே."

"நிக்கட்டும். எனக்கும் புள்ளைங்க கீது."

குழாயிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தது. மெர்சி அதை நிறுத்தினாள். யாருக்காகச் சொன்னாளோ அவளே வேண்டாம் என்கிறாள்.

"நீ சொன்னத நான் குத்தம் சொல்லமாட்டேன். ஆனா என் வாயால அது வராது. கர்த்தர நெனச்சிக்கினு சொன்ன வார்த்தை அது."

திலகவதியின் முகம் மாறியது. "உன் மனசு சுத்தமா இருக்கணும், அதுக்கு என் ஊட்ல அடுப்பு எரியக்கூடாதா? நல்லா இருக்குதுக்கா உன் சாமி!"

அந்தக் கேள்வி அதற்குப் பிறகு மெர்சியை விட்டுப் போகவே இல்லை.

மெர்சி மாற்றிச் சொல்லாததால் ஒன்றும் நின்றுவிடவில்லை. கை போனவளே தன் தவறு என்று சொன்ன பிறகு மற்றவள் பேச்சு எதற்கு? தொழிலாளியின் கவனக்குறைவு என்று விசாரணை முடிந்தது. திலகவதியின் கணவன் அன்புசெல்வன் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். மேனேஜர் மேல் இருந்த ஏதோ கோபத்தில் மெர்சி பொய் சொன்னாள் என்று ஊர் பேசியது, சபையும் பேசியது. ஞாயிறு வகுப்பை ஷைனி என்ற பெண்ணிடம் கொடுத்துவிட்டார்கள். மெர்சிக்கு ஓய்வு தேவை என்று பாஸ்டர் காரணம் சொன்னார்.

இயேசுவின் நினைவாக அப்பம் பகிரும் அந்த மாதத் திருவிருந்து ஆராதனைக்கு மெர்சி போனாள். அப்பத் தட்டு வரிசை வரிசையாக வந்தது. மனசில் பாவமோ பகையோ வைத்துக்கொண்டு அதை எடுக்கக் கூடாது என்பது சபையில் எல்லோருக்கும் தெரியும். முந்தின நாள் முழுக்க அவள் மன்னிக்க முயன்றிருந்தாள். பாத்திரம் கழுவும்போது ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி ஜெபித்துப் பார்த்தாள். சரவணகுமார், பாஸ்டர், திலகவதி. உதடு சொன்னது, மனசு இறங்கவில்லை.

தட்டு அவள் முன்னால் வந்தது. அவள் கையை நீட்டாமல் பக்கத்தில் இருந்த ஷைனியிடம் தள்ளினாள்.

"அக்கா, எடுங்கக்கா," ஷைனி கிசுகிசுத்தாள். "எல்லாரும் பாக்குறாங்க. எடுக்கலன்னா நீங்க பொய் சொன்னது நெசம்னு ஆயிடும்."

"ஆவட்டும். இவ்ளோ கசப்ப உள்ள வச்சிக்கினு எடுத்தா, அதுதான் பொய்."

முன்வரிசையில் தலைகள் திரும்பின. அதைத்தான் எதிர்பார்த்தோம் என்பதுபோல் ஒருத்தி இன்னொருத்தியின் தொடையைத் தட்டினாள். மெர்சி கண்ணை மூடிக்கொண்டாள். "ஆண்டவரே, என்னால முடியல" என்பதற்கு மேல் ஜெபம் வரவில்லை. பாட்டு ஆரம்பித்தபோது எல்லோரோடும் எழுந்து நின்றாள், பாடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹோட்டலில் அரைநாள் லீவு கேட்டுக்கொண்டு மறுபடியும் சர்ச்சுக்கு வந்தாள். அவள் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை.