மகாபட்சகம்

சமஸ்தானத்துச் சுகாதார இன்ஸ்பெக்டர் நாகராசு எதையும் சாதாரணமாகச் சொல்லமாட்டார். உடம்புக்குள் நுழையும் அன்னியப் பொருளை விழுங்கும் பெரிய வெள்ளணு ஒன்று உண்டே, அதற்கு மூன்று நாள் யோசித்து அவர் வைத்த பெயர் 'மகாபட்சகம்'. திருமயம் பக்கத்துக் கிராமத்தில் அதைப் பற்றி உபந்நியாசம் செய்து, நாற்பது பேருக்கு அம்மைப்பால் குத்திவிட்டால் உத்தியோக உயர்வு. நாலு மணிக்குப் பெரிய டாக்டர் வந்து எண்ணுவார். ஒரு கை குறைந்தாலும் இன்னும் மூன்று வருஷத்துக்கு இதே ஓட்டைச் சைக்கிள்தான்.

தலையாரி ராக்கன் காலையிலேயே தமுக்கடித்துவிட்டான்.

"மந்தையில மகா பட்சணமும் பாலும் குடுக்குறாங்கோ!"

ஊரே சொம்பும் கிண்ணமுமாக வந்து உட்கார்ந்தது. நாகராசு கோட்டுப் பொத்தான் அத்தனையும் மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார். கூட்டம் பொறுமையாக முகர்ந்து பார்த்தது. நெய் வாசனை வரவில்லை.

"பட்சணம் எங்கிட்டு இருக்குங்க?" என்றது ஒரு குரல்.

"பட்சணம் அல்ல, பட்சகம்! தின்பது!"

"திங்கிறதுக்குத்தானே நாங்களும் வந்தோம்!"

சொம்புகள் எழுந்து நடக்கத் தொடங்கின. நாகராசுவின் மூன்று வருஷமும் அவற்றோடு நடந்தது. அப்போது, கல்யாண வீடுகளில் பணியாரம் சுடும் உண்ணாமலை எழுந்து நின்றாள்.

"இருங்கடி. அய்யா சொல்றது எங்க வீட்டுக்காரரைத்தான். தூசி விழுந்த பணியாரம்னா சத்தமில்லாம முழுங்கிருவாரு. அதே ஊசிப்போன கொழம்புன்னா ஒரு வாயிலேயே ஊரைக் கூட்டிருவாரு. அப்பறம் ரெண்டு வருசங் கழிச்சு வச்சாலும் வாசனையிலேயே கண்டுபிடிச்சிருவாரு."

"கல்லக் கடிச்சா?" என்றாள் ஒருத்தி.

"துப்பவும் மாட்டாரு, முழுங்கவும் மாட்டாரு. கன்னத்துல அடக்கிக்கிட்டு என்னய மொறைப்பாரு."

காசநோய்க் கிருமியும் அப்படித்தான், பட்சகம் தின்றும் செரிக்காமல் அதற்குள்ளேயே கிடக்கும் என்று சொல்ல நாகராசு வாயெடுத்தார். தன் பேச்சில் அதற்கே கால் மணி ஆனது நினைவுக்கு வர, மூடிக்கொண்டார்.

"அப்ப இந்த அம்மைப்பாலு?" என்றாள் இன்னொருத்தி.

"அந்த ஊசிப்போன கொழம்புல ஒரு சொட்டு நாக்குல காட்டி வைக்கிறது. நெசக் கொழம்பு வந்தா வாசல்லயே வெரட்டிருவாரு. கையை நீட்டுங்கடி, வீட்டுக்கு ரெண்டு பணியாரம் நான் தாரேன்!"

சிரிப்பும் கூச்சலுமாகக் கைகள் நீண்டன. ஊரில் அன்றைக்கு இருந்த அத்தனை பேருக்கும் குத்தியாயிற்று. முப்பத்தொன்பது. தூரத்தில் காரின் புழுதி தெரிந்தது. நாகராசு மறுபடி எண்ணினார்; ஒரு கை குறைந்தது.

"ஒங்க அம்மைப்பால் தழும்பக் காட்டுங்க, பாப்போம்" என்றாள் உண்ணாமலை.

"எனக்கா? நான் இன்ஸ்பெக்டர்..."

இரண்டு பெண்கள் கோட்டைக் கழற்றினார்கள். கை வழவழவென்று இருந்தது. ஊசியென்றால் அவருக்குச் சின்ன வயசிலிருந்தே பயம். உண்ணாமலை கையை அமுக்கிப் பிடிக்க, கண்ணை மூடிக்கொண்டு தனக்குத் தானே குத்திக்கொண்டு "ஆத்தா!" என்று அலறினார். மந்தை குலுங்கியது.

பெரிய டாக்டர் இறங்கி எண்ணினார். நாற்பது.

"பலே! மகாபட்சகத்தை ஜனங்களுக்கு எப்படி ஐயா விளக்கினீர்?"

நாகராசு கையைத் தடவிக்கொண்டு, வாயில் பணியாரத்தோடு சொன்னார்:

"உண்ணாமலை வீட்டுக்காரர், சார்."