ஓட்லிங் முற்றத்தில் ஒரு கல்

கைரனின் கல்லறைக் கல் தயாராகி எட்டு மாதம் ஆகிவிட்டது. ஆனால் அது கல்லறையில் இல்லை. இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி துறைமுகத்துக்குப் பின்னால் ஓட்லிங் என்பவரின் கல்பட்டறை முற்றத்தில், விலை போகாத இரண்டு தேவதைச் சிலைகளுக்கு நடுவில் சாய்ந்து நின்றது. சாம்பல் நிறக் கல். பெயர், இரண்டு தேதிகள், அதற்குக் கீழே 'பெவர்லி – ஷான் தம்பதியின் ஒரே மகன்' என்ற வரி.

"முழுக் காசும் வராம கல் வாசலைத் தாண்டாதும்மா. எங்கப்பா காலத்துலேர்ந்து அதுதான் வழக்கம். சிமென்ட் போட்டு நட்டுட்டா, அப்புறம் பிடுங்கிட்டா வர முடியும்?" என்று ஓட்லிங் முதல் நாளே சொல்லியிருந்தார்.

பெவர்லி தவறவிடாமல் மாதாமாதம் கொடுத்து அறுநூறு பவுண்டு கட்டிவிட்டாள். இன்னும் ஆயிரம் பாக்கி இருந்தது. ஏப்ரல் இரண்டாம் தேதி கைரனின் பிறந்தநாள். உயிரோடு இருந்திருந்தால் இருபத்தைந்து முடிந்திருக்கும். அதற்குள் கல் அவன் தலைமாட்டில் இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவளுக்கு இருந்த ஆசை. மூன்று வருஷமாக அங்கே சவ அடக்கக்காரர்கள் நட்டுவிட்டுப் போன மரச்சிலுவைதான் நிற்கிறது. கடல் காற்றில் அதிலிருந்த பெயர் பாதி அழிந்துவிட்டது.

வீட்டில் இரண்டு சம்பளம் வந்தும் ஆயிரம் பவுண்டு சேராததற்குக் காரணம் ஷான். மீன் கிடங்கில் இரவு வேலை. பளு தூக்கும் வண்டி ஓட்டுவான். யாருக்கும் கெடுதல் நினைக்காதவன், வேடிக்கையாகப் பேசுவான். கையில் போன் இருந்தால் மட்டும் குதிரை, கால்பந்து, சீட்டு என்று எதிலாவது பந்தயம் கட்டிவிடுவான். வாழ்க்கையில் அவன் ஜெயித்த ஒரே பெரிய தொகையில் மகனுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்தான். அதே வண்டியில்தான் கைரன் ஒரு மழைநாள் நெடுஞ்சாலை விபத்தில் போய்ச் சேர்ந்தான். அதற்குப் பிறகு பந்தயம் குறையவில்லை, அதிகமாயிற்று. வீடே கையை விட்டுப் போகும் நிலை வந்தபோது பெவர்லி அவன் சம்பளத்தைத் தன் கணக்குக்கு மாற்றிக்கொண்டாள். தினம் பத்து பவுண்டு கொடுப்பாள். மற்றதெல்லாம் அவன் பழைய கடன்களுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஜனவரியில் ஒரு நாள், பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் கஸ்டர்ட் பாத்திரத்தைச் சுரண்டிக்கொண்டே, பெவர்லியோடு அங்கே பரிமாறும் வேலை பார்க்கும் லொரெய்ன் கேட்டாள், "ஏ பெவ், உனக்கு எவ்வளவு வருது இங்கே? வரி கட்டற அளவுக்கு இல்லையே?"

"இந்தச் சம்பளத்துக்கு வரி வேற போட்டா நான் கரண்டியாலேயே அடிப்பேன்."

"அப்போ கல்யாணச் சலுகை கேட்டியா? உனக்கு இருக்கிற வரிவிலக்குல நீ உபயோகிக்காத பங்கைப் புருஷனுக்கு எழுதிக் கொடுக்கலாம்டி. நாலு வருஷத்துக்குப் பின்னாடி போயும் கேட்கலாம். எங்களுக்கு ஆயிரத்துக்கு மேல வந்துது."

பெவர்லியின் கை நின்றுவிட்டது. "ஆயிரமா?"

"ஆமா கண்ணு. கல்யாணம் பண்ணி இருபத்தேழு வருஷத்துல அந்த ஆளால உனக்கு வர்ற முதல் லாபம் இதுதான்! ஆனா ஒண்ணு. 'நாங்க வாங்கித் தர்றோம்'னு விளம்பரம் போடுவான் பாரு, அவன்கிட்ட மட்டும் போயிடாதே. பாதியை அவனே தின்னுடுவான். நேரா வரி அலுவலகத்துலயே கேளு, ஒரு காசு செலவில்லை."

அன்று சாயங்காலம், ஷான் வேலைக்குக் கிளம்புமுன் வறுத்த ஹாடாக் மீனும் சிப்ஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பெவர்லி கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். வரி விண்ணப்பத்தில் போட அவனுடைய தேசியக் காப்பீட்டு எண் வேண்டியிருந்தது.

"எதுக்கு? என்னை வித்துடப் போறியா?"

"எவன் வாங்குவான்? எண்ணைச் சொல்லு." பிறகு விஷயத்தைச் சொன்னாள். "கல்லுக்குச் சரியா இருக்கும் ஷான். பிறந்தநாளுக்குள்ள நட்டுடலாம்."

அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். கண் கலங்கியது. "நட்டுடலாம் பெவ். நட்டுடணும்," என்று சொல்லி, எண்ணை ஒவ்வொன்றாக நிறுத்திச் சொன்னான்.

விண்ணப்பித்தது அவள். அதனால் பணமும் தனக்குத்தான் வரும் என்று நினைத்தாள். வேறு மாதிரி நினைக்க அவளுக்குத் தோன்றவே இல்லை. லொரெய்னுக்கும் தோன்றவில்லை, அவள் வீட்டில் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஒரே கணக்கு.

காத்திருப்பு தொடங்கியது. காலையில் தபால்காரன் வரும் நேரத்தில் அவள் பள்ளியில் இருப்பாள். வீடு திரும்பியதும் முதல் வேலையாகக் கதவுக்குப் பின்னால் பார்ப்பாள். பீட்சா விளம்பரமும், மின்சாரக் கட்டணமும், தேர்தல் நோட்டீசும் கிடக்கும். இரவு வேலை முடிந்து வந்த ஷான் மாடியில் தூங்கிக்கொண்டிருப்பான். வங்கிக் கணக்கைப் பார்ப்பாள். எதுவும் வந்திருக்காது.

"அரசாங்கம்தானே பெவ், மெதுவாத்தான் வரும்," என்பான் ஷான். "நாம கொடுக்க வேண்டியதுன்னா ஓடி வருவாங்க."

பிப்ரவரி போயிற்று. ஓட்லிங் ஒரு தடவை போன் செய்தார். "அவசரப்படுத்தறேன்னு நினைக்காதேம்மா. நடறதுக்கு மாநகராட்சி அனுமதி வாங்கணும், அதுக்கு ரெண்டு வாரமாவது ஆகும். அதான் கேட்டேன்."

மார்ச் மாதத்தில் பள்ளிக்கூடம் விடுமுறையாக இருந்த ஒரு நாள் காலையில் பெவர்லி வரி அலுவலகத்தைக் கூப்பிட்டாள். நெடுநேரம் இசை கேட்ட பிறகு ஸ்காட்லாந்துப் பேச்சில் ஒரு இளம்பெண் வந்தாள்.

"உங்க விண்ணப்பம் ஏத்துக்கிட்டாச்சு மேடம். நாலு வருஷத்துக்கும் சரியா இருக்கு."

"அப்பாடா! என் கணக்குக்கு எப்போ வரும்?"

"உங்க கணக்குக்கு வராது மேடம். நீங்க உங்க விலக்கை அவருக்குக் கொடுத்திருக்கீங்க. வரி கட்டினது அவர். அதனால திரும்பிப் போறதும் அவருக்குத்தான்."

பெவர்லி சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். "போயிடுச்சா?"

"அதை நான் உங்ககிட்ட சொல்ல முடியாது. அவரோட விவரம் அது. பக்கத்துல இருக்காரா? அவர் சரின்னு சொன்னா ரெண்டு பேருக்கும் சேர்த்தே சொல்லிடறேன்."

பெவர்லி போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். ஷான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். தோளைத் தட்டினாள்.

"எழுந்திரு. வரி அலுவலகம். உன் வாயால சரின்னு சொல்லணுமாம்."

அவன் எழுந்து உட்கார்ந்தான். அவள் போனைப் போர்வையின் மேல் வைத்தாள். இருவருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டிருந்தாள். அந்தப் பெண் அவன் பெயரைக் கேட்டாள், பிறந்த தேதியைக் கேட்டாள், எண்ணைக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். முகத்தில் தூக்கம் துளிகூட இல்லை என்பதைப் பெவர்லி கவனித்தாள்.

"நன்றி சார். உங்க வரி விவரத்தை உங்க மனைவி கேட்கறதுல உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?"

ஷான் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டில் யாரோ நாயை அதட்டினார்கள்.

"சார்?"

"இருக்கு," என்றான். "ஆட்சேபணை இருக்கு."

"சரிங்க சார். அப்படின்னா நீங்க தனியா..."

பெவர்லி போனை அணைத்தாள்.

அவள் ஜன்னல் ஓரத்தில் நின்றாள். தோட்டத்துக் கொடியில் அவன் வேலைச் சட்டைகள் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன.

"எவ்வளவு மிச்சம்?"

"பெவ், நான் சொல்றதை..."

"எவ்வளவு மிச்சம்னு கேட்டேன்."

"இல்லை."

"எப்போ வந்துது?"

"போன மாசம். கடுதாசி வந்தப்போ நான்தான் எடுத்தேன். எந்தக் கணக்குக்குப் போடணும்னு கேட்டிருந்தான். போன்லயே ஒரு கணக்கு ஆரம்பிச்சேன். அஞ்சு நிமிஷம்கூட ஆகலை." அவன் தன் கைகளைப் பார்த்துப் பேசினான். "எனக்குன்னு எடுக்கலை பெவ். சத்தியமா. ஓட்லிங்கிட்ட கறுப்புக் கல் ஒண்ணு இருக்கு, பார்த்திருப்பே. பளபளன்னு. அதுல படம் செதுக்கலாமாம். வண்டியோட அவன் நிக்கற படத்தைச் செதுக்கிடலாம்னு... ரெண்டு மடங்கு ஆக்கினா போதும்னு நினைச்சேன். ஒரு சனிக்கிழமை எண்ணூறுக்கு மேல ஜெயிச்சேன் தெரியுமா? அப்பவே நிறுத்தியிருந்தா..."

"அவன் அந்த வண்டியிலதான்டா செத்தான்."

ஷான் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். எத்தனையோ தடவை அப்படி அழுதிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவியிருக்கிறாள். இந்தத் தடவை கீழே போய், கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்தாள். தன்னுடையதைத் தனியாக வைத்தாள்.

மறுநாள் பள்ளி அலுவலகத்தில் போய், காலை நேரத் துப்புரவு வேலை இன்னும் காலியா என்று கேட்டு, அதையும் ஏற்றுக்கொண்டாள். லொரெய்னிடம் விஷயத்தைச் சொன்னபோது லொரெய்ன் கரண்டியைத் தொட்டியில் போட்டுவிட்டு, "பாதியைத் தின்னுடுவான்னு ஊரான்கிட்ட ஜாக்கிரதையா இருக்கச் சொன்னேனே, பாவி நானு," என்றாள்.

பிறந்தநாள் அன்று பெவர்லி மஞ்சள் டாஃபோடில் பூக்கள் வாங்கிக்கொண்டு முதலில் கல்லறைக்குப் போனாள். பாதியைச் சிலுவையடியில் வைத்தாள். மீதியோடு பஸ் ஏறித் துறைமுகத்துப் பக்கம் வந்தாள். ஓட்லிங் இயந்திரத்தை நிறுத்திவிட்டு உள்ளே போனார். அவள் கல்லின் முன்னால் பூக்களை வைத்தாள். கல் தூசி பூவில் படாதிருக்கத் தன் கழுத்துத் துணியால் கல்லின் அடியைத் துடைத்தாள். கிளம்பும்போது ஓட்லிங் வந்து, "வாரத்துக்கு இருபது பவுண்டு கொடுத்தாக்கூடப் போதும். அடுத்த பிறந்தநாளுக்குள்ள முடிஞ்சிடும்மா. அதுவரைக்கும் யாரும் தொட மாட்டாங்க," என்றார்.

அடுத்த வாரம் அவள் மறுபடி வரி அலுவலகத்தைக் கூப்பிட்டாள். ஷான் வேலைக்குக் கிளம்ப, பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. இந்தத் தடவை ஒரு ஆண் குரல்.

"கல்யாணச் சலுகையை நிறுத்தணும். இந்த வருஷத்துலேர்ந்து எனக்கு உள்ளதை நானே வச்சிக்கிறேன்."

"செய்யலாம் மேடம், கொடுத்தவங்கதான் நிறுத்தவும் முடியும். காரணம் குறிக்கணும். உங்க வருமானம் கூடிடுச்சா, இல்லை திருமண உறவு முறிஞ்சிடுச்சா?"

படிக்கட்டில் கயிறு கட்டும் சத்தம் நின்றது.

"ரெண்டையும் குறிக்க முடியுமா?"

"ஒண்ணுதான் முடியும் மேடம்."

பெவர்லி படிக்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஷான் ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் காலுறையுமாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ வருமானம்னு போட்டுக்குங்க," என்றாள். "இன்னொண்ணுக்கு அப்புறமா கூப்பிடறேன்."