ஆடித் தள்ளுபடியில் ஒரு கராஜ்

ஆடி பிறந்தால் ஊரிலுள்ள பெண்கள் துணிக்கடைக்குப் போவார்கள். என் மனைவி மிரேய் ஹார்டுவேர் கடைக்குப் போனாள். போனதோடு விடாமல் மூட்டை தூக்க என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். நான் மருந்துக்கடை வைத்திருப்பவன். மாத்திரை அட்டையைத் தவிர வேறெதையும் பிரித்துப் பழக்கமில்லை. ஆனாலும் அந்த ஒரு மாதத்தில் ஜாக்கி, வைஸ், கம்ப்ரஸர் என்று நான் சுமக்காத இரும்பு இல்லை.

தட்டாஞ்சாவடியில் அவள் வேலை பார்த்த பம்பு கம்பெனியை மூடிவிட்டார்கள். பழுதுபார்க்கும் பிரிவில் அவள் ஒருத்திதான் பெண். வேறு கம்பெனியில் மனுப் போடுவாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளோ வீட்டை ஒட்டிய கராஜைத் துடைத்துச் சுண்ணாம்பு அடித்துவிட்டு, “இங்கதான் டூவீலர் ஒர்க்‌ஷாப் வெக்கப் போறேன்” என்றாள். அந்தக் கராஜில் அப்போது நின்றிருந்தது ஒரே வண்டி. அவளுடைய அண்ணன் மாக்சிம் விட்டுப்போன பழைய புல்லட். அது ஓடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

சிக்கலும் அங்கேதான் இருந்தது. வீடு மிரேயுக்கு, கராஜ் அண்ணனுக்கு என்று பாகம் பிரித்திருந்தார்கள். மாக்சிம் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று, பிரான்சில் துலூஸ் நகரத்தில் இருக்கிறார். அந்தக் கராஜைக் காப்பிக்கடை வைக்கக் கேட்டு விஜயராகவன் என்று ஒருவர் ஏற்கெனவே டேப் வைத்து அளந்துவிட்டுப் போயிருந்தார். எங்கள் தெருவில் காலியாக ஒரு மூலை கிடந்தால் போதும், அங்கே காப்பிக்கடை முளைத்துவிடும்.

மாக்சிம் போனில் தீர்ப்புச் சொன்னார். “ஆகஸ்டு பதினஞ்சு, மாதா திருநாளுக்கு வர்றேன். என் புல்லட்லயே சம்பா கோயிலுக்குப் போய்ப் பூச பாத்துட்டு, அதுலயே வீட்டுக்குத் திரும்பணும். அப்படித் திரும்பிட்டேன்னா கராஜ் உனக்கு. இல்லன்னா காப்பிக்கட. சரியா?”

“சரிண்ணே” என்று மிரேய் யோசிக்காமல் சொன்னாள். நான் காலண்டரில் ஆகஸ்டு பதினைந்துக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணினேன்.

போனை வைக்கும் முன் அவர் இன்னொன்றும் சொன்னார். “இங்க சொல்து போட்டிருக்காங்க. ஒரு டூல் பெட்டி வாங்கியிருக்கேன், பாரு, அசந்துடுவ!” சொல்து என்றால் பிரான்சில் கோடையில் போடும் தள்ளுபடி விற்பனை. நம் ஆடிக்குக் கொஞ்சம் முன்னாலேயே அங்கே ஆரம்பித்துவிடும். அடுத்த நிமிஷம் பெட்டியின் படம் வந்தது. சிவப்புப் பெட்டி, உள்ளே வெள்ளிப் பாத்திரம் மாதிரி மின்னும் ஸ்பானர்கள். அவர் அதைத் தனக்குத்தான் வாங்கியிருந்தார், தங்கைக்குத் தருவதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மிரேய் சாக்பீஸ் எடுத்துக் கராஜ் சுவரில் படம் போட ஆரம்பித்தாள். வேண்டிய கருவி ஒவ்வொன்றுக்கும் அதன் உருவத்திலேயே ஒரு கோடு. சுத்தியலுக்குச் சுத்தியல், குறட்டுக்குக் குறடு. வாங்கி வந்ததை அந்தந்தக் கோட்டுக்குள் ஆணியில் மாட்டுவாள். கோட்டுக்குள் அடங்காத எதையும் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்க மாட்டாள். நான் ஆசைப்பட்டு எடுத்த ஒரு டிரில்லிங் மெஷினைக் கடைக்காரர் பில் போடப் போகும்போது பிடுங்கித் திரும்ப வைத்துவிட்டாள். “சொவத்துல இது இல்லீங்க” என்றாள், அவ்வளவுதான்.

பம்பு கம்பெனிக்காரர்கள் பழைய சாமான்களைக் கழித்து விற்றபோது அங்கேயும் போனோம். எல்லாரும் பெரிய மோட்டார்களைச் சுற்றி மொய்த்துக்கொண்டிருக்க, அவள் நேராக ஓர் ஓரத்துக்குப் போய் ஒரு மேசையைத் தட்டினாள். எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் நின்று வேலை பார்த்த மேசை. யாரும் கேட்காததால் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது. வண்டியில் ஏற்றும்போது அவள் கண் கலங்கியதை நான் பார்த்தேன். கேட்டிருந்தால் தூசி என்று சொல்லியிருப்பாள், அதனால் கேட்கவில்லை.

ஆனால் நான் அசந்து போனது ஞாயிற்றுக்கிழமை, காந்தி வீதி சந்தையில். பழைய இரும்புக் கருவிகளைச் சாக்கில் கொட்டி விற்கும் கோவிந்தராசுவின் முன்னால் அவள் குந்தினாள். கைப்பையிலிருந்து ஒரு சுருக்குப்பையை எடுத்து அவிழ்த்தாள். உள்ளே பணமில்லை, புல்லட்டிலிருந்து கழற்றிய நட்டுகள். கறுத்துப்போன ஸ்பானர்களை ஒவ்வொன்றாக எடுத்து அந்த நட்டில் மாட்டி, ஆட்டி, காதருகே வைத்துக் கேட்டு, தூக்கிப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

“என்னாம்மா இது, பொடவைக்கு மேட்சிங் பிளவுஸ் எடுக்குற மாதிரி!” என்றார் கோவிந்தராசு.

“அதேதாண்ணே. இது பழைய வண்டி. நட்டெல்லாம் அங்குலக் கணக்கு. இப்ப கடையில விக்குறது பூரா மில்லிமீட்டர். கொஞ்சம் ஆடினாலும் நட்டு மூல மழுங்கிப் போயிடும்.”

வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. எனக்குப் பசி காதை அடைத்தது. சாக்கின் அடிவரை கொட்டித் தேடி, ஆடாமல் அசையாமல் பொருந்தியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்தாள். துரு ஏறிய அந்தக் குப்பையைப் பார்த்து, “மாக்சிம் பெட்டிக்குப் பக்கத்துல இத வெச்சா சிரிப்பாங்க” என்றேன். அவள் பையை என் தோளில் மாட்டினாள். ஆனால் உள்ளுக்குள் எனக்கு ஒரே கர்வம். கல்யாணப் புடவை எடுத்தபோதுகூட இவள் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

மாக்சிம் வந்து சேர்ந்த அன்று புல்லட் கராஜில் தயாராக நின்றது. திருநாள் காலையில் மிரேய் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, வண்டியைக் கிளப்பி ஓட்டிக் காட்டினாள். டப் டப்பென்ற அந்தச் சத்தத்தைக் கேட்டு மாக்சிமின் முகம் இளைஞன் முகமாகிவிட்டது. சிவப்புப் பெட்டியைத் தூக்கிப் பின்னால் கேரியரில் கட்டினார். பூசைக்கு டூல் பெட்டியோடு போகிற ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“அண்ணே, கொஞ்சம் இரு. கார்புரேட்டருக்குப் புது கேஸ்கெட் போட்டிருக்கேன். ஒரு தடவ சூடாகி ஆறினதும் நட்ட மறுபடி இறுக்கணும்.”

“பூசைக்கு நேரமாச்சு. வந்து பாத்துக்கலாம்” என்று கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

நாங்கள் ஆட்டோவில் பின்னால் போனோம். பூசை நல்லபடியாக முடிந்தது. வெளியே வந்து மாக்சிம் புல்லட்டை உதைத்தார். இருமியது, அணைந்தது. மறுபடி உதைத்தார். இப்போது இருமல்கூட இல்லை. திருநாள் கூட்டம் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டது.

மிரேய் குனிந்து பார்த்தாள். “அந்த நட்டுதாண்ணே, தளந்துடுச்சி. காத்து இழுக்குது.”

“நகரு, நான் பாக்குறேன்.” மாக்சிம் சிவப்புப் பெட்டியைத் திறந்தார். ஒரு ஸ்பானர் உள்ளேயே போகவில்லை. அடுத்தது லொடலொடத்தது. சட்டை நனைய, மின்னுகிற ஸ்பானர் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டார். கடைசியில் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “மாப்ள, அந்த விஜயராகவன் நம்பர் உங்ககிட்ட இருக்குல்ல?”

நான் போனைத் தேடுவதுபோல் சட்டைப் பையைத் தடவினேன். மிரேய் மட்டும் அமைதியாகக் கைப்பையைத் திறந்து ஜெபமாலையை எடுத்து என் கையில் கொடுத்தாள். அதற்கு அடியில், கைக்குட்டையில் சுற்றி, கோவிந்தராசுவின் சாக்கிலிருந்து வந்த கறுப்பு ஸ்பானர் ஒன்று இருந்தது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மண்டியிட்டாள். ஸ்பானர் நட்டில் போய் அப்படியே கவ்விக்கொண்டது. கார்புரேட்டரின் இரண்டு நட்டையும் இறுக்கிவிட்டு எழுந்தாள்.

“இப்ப ஒதைண்ணே.”

உதைத்தார். பிடித்துக்கொண்டது. கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். முதலில் தட்டியது நான்தான் என்று மிரேய் இன்றுவரை சொல்கிறாள், இருக்கலாம்.

புல்லட் வீடுவரை நிற்கவே இல்லை. நாங்கள் வந்து இறங்கியபோது மாக்சிம் கராஜுக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். எல்லாக் கோட்டுக்குள்ளும் கருவி தொங்கியது. கீழே, ஒரு பலகைக்கு மேல் சாக்பீஸால் போட்ட பெரிய சதுரம் மட்டும் காலியாக இருந்தது.

“இது என்னாது?”

“உன் பெட்டிக்கு எடம்” என்றாள் மிரேய். “போட்டோ வந்த அன்னைக்கே போட்டேன்.”

“தர்றேன்னு நான் சொல்லவே இல்லியே. அதுவுமில்லாம ஒண்ணுத்துக்கும் ஒதவாத பெட்டி.”

“யாரு சொன்னது? உன் புல்லட்டுக்குத்தான் ஒதவாது. வைத்திக்குப்பத்துலேருந்து மீன் விக்கிற அக்காங்க வண்டி எல்லாம் கொண்டாரப் போறாங்க. எல்லாம் புது வண்டி, மில்லிமீட்டர். உன் பெட்டி இல்லாம நான் எப்படிண்ணே கட தொறக்குறது?”

மாக்சிம் கேரியரிலிருந்து கயிற்றை அவிழ்த்து, பெட்டியைத் தூக்கி வந்து பலகையில் வைத்தார். கோட்டுக்குள் சரியாக உட்கார்ந்தது. பிறகு தன் சாவிக்கொத்திலிருந்து கராஜின் இன்னொரு சாவியைக் கழற்றி, பெட்டியின் மேல் வைத்தார்.