பஞ்சர் கடையும் என் பயோடேட்டாவும்

"அம்மாவோட பஞ்சர் கடையில வேலை பார்த்ததையெல்லாம் பயோடேட்டாவுல போடாதம்மா, எடுத்துடு," என்றார் வேலைவாய்ப்பு முகாமுக்கு எங்களைத் தயார்செய்த பேராசிரியர்.

"எடுக்க மாட்டேன் சார். நாலு வருஷம் நான் செஞ்ச வேலை."

கடையில் அம்மாவும் லாரி டயரை உருட்டிக்கொண்டே, "எதுக்குடி வம்பு?" என்றாள். நான் பயோடேட்டாவில் பஞ்சர் கடை வரியைத் தடித்த எழுத்தாக்கி இருபது பிரதிகள் எடுத்தேன்.

முகாமின் முதல் மேஜையில் இருந்தவர் அதைப் படித்துச் சிரித்தார். "குடுங்க சார், வேற இடத்துல தேவைப்படும்," என்று கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

அடுத்த மேஜையில் ஒரு பெண் பொறியாளர் இருந்தார். "லாரி சக்கரத்தைத் தனியா கழட்டுவியா?" என்று கேட்டார்.

"கழட்டி மாட்டவும் செய்வேன் மேடம்."

"திங்கட்கிழமை எங்க கம்பெனி பட்டறைக்கு வா, பார்ப்போம்."

போய்க் கழட்டிக் காட்டினேன். வேலையை வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்பினேன்.